லிம்னியோ ஒயின்: பழம்பெருமையால் நேரும் தவறுகள்

கிரேக்கத்தில் இன்றும் பயிராகும் சிவப்பு ஒயின் திராட்சைகளுள் மிகத் தொன்மையானவற்றில் ஒன்றாகக் கருதப்படுவது லிம்னியோ. வட ஏஜியன் கடலிலுள்ள லெம்னோஸ் தீவே இதன் தாயகம் என்பர். அரிஸ்டாட்டில் காலத்து ‘லெம்னியா’ இதுவே என்றும் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இதை வாங்குவோர் செய்யும் தவறுகளில் பாதி, இந்தப் பழம்பெருமையை அளவுக்கு மீறி நம்புவதால் வருபவை.

ஹோமரின் இலியட் காவியத்தின் ஏழாம் பகுதி முடிவில், லெம்னோஸிலிருந்து ஒயின் ஏற்றி வந்த கப்பல்களிடம் கிரேக்கப் படைவீரர்கள் வெண்கலம், இரும்பு, தோல், மாடு, அடிமைகள் ஆகியவற்றைக் கொடுத்து ஒயின் வாங்கும் காட்சி வருகிறது. இதைக் காட்டி, லிம்னியோவை அருந்துவோர் ஹோமர் காலத்துச் சுவையையே அருந்துவதாகச் சிலர் விற்கிறார்கள். ஆனால் அந்த ஒயின் எந்தத் திராட்சையில் ஆனது என்று காவியம் சொல்லவில்லை. அன்றைய கிரேக்கர்கள் ஒயினில் நீர் கலந்தே குடித்தார்கள் என்பதையும், எஃகுக் கலன்களில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி நொதிக்கவைக்கும் முறை அவர்களுக்கு இல்லை என்பதையும் எண்ணிப் பார்த்தால், இரண்டின் சுவையும் ஒன்றாக இருக்க வழியில்லை.

லெம்னோஸ் என்ற பெயரைப் பார்த்த உடனே சிவப்பு லிம்னியோ என்று நினைத்துவிடுவதும் தவறு. அத்தீவின் ஒயின்களுள் பெரும்பகுதி அலெக்சாந்திரியா மஸ்கட் என்ற வெள்ளைத் திராட்சையிலிருந்து வருகிறது. உள்ளூர்க்காரர்கள் கலம்பாக்கி என்றழைக்கும் லிம்னியோவுக்கு இன்று ஹல்கிடிகி, அதோஸ் மலை, திரேஸின் மரோனியா போன்ற வடகிரேக்க நிலப்பரப்புகளே முக்கிய இடங்கள்.

லிம்னியோனா என்பது வேறு திராட்சை. மத்திய கிரேக்கத்தின் தெசலியைச் சேர்ந்த அந்த வகை, ஏறக்குறைய மறைந்துபோய் அண்மைக் காலத்தில் மீட்கப்பட்டது. ஓரெழுத்துதானே கூடுதல் என்று ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கி வருபவர்கள் உண்டு. புட்டியில் ஒட்டிய பெயர்ச்சீட்டை முழுவதும் படிப்பதைத் தவிர இதற்கு வேறு மருந்தில்லை.

குவளையில் நேரும் தவறு நிறத்தில் தொடங்குகிறது. லிம்னியோவின் சிவப்பு அவ்வளவு அடர்த்தியானதன்று, துவர்ப்பும் மென்மையானதே. அதனால் இது வலுவற்ற ஒயின் என்று முடிவுகட்டுகிறார்கள். வறட்சியைத் தாங்கி வெயிலில் நன்கு பழுக்கும் திராட்சையாதலால் சர்க்கரை மிகுந்து, ஆல்கஹால் அளவு பெரும்பாலும் உயர்ந்தே இருக்கும். கோடைக்கால அறைச் சூட்டில் இதை ஊற்றினால் ஆல்கஹாலின் காரமே முன்னால் நின்று, சேஜ் என்ற மூலிகையின் இலையையும் பிரிஞ்சி இலையையும் ஒத்த மூலிகை மணம் அடங்கிவிடும். சுமார் 16 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்துப் பரிமாறுவது நல்லது.

கடைசியாக ஒன்று: ஹல்கிடிகியின் சித்தோனியா தீபகற்பத்திலுள்ள மெலிட்டன் சரிவுகளுக்கு 1982-இல் தோற்றப் பெயர் அங்கீகாரம், அதாவது அவ்விடத்தின் பெயரை அங்கு விளையும் ஒயினுக்குச் சூட்டும் உரிமை, கிடைத்தது. அங்கே லிம்னியோவுடன் கேபர்னே சாவிக்னோன், கேபர்னே ஃபிராங்க் ஆகிய பிரெஞ்சுத் திராட்சைகளைக் கலக்கிறார்கள். அது நல்ல ஒயின்தான். ஆயினும் அந்தக் கலவையை மட்டும் அருந்திவிட்டு லிம்னியோவை எடைபோட்டால், தீர்ப்பில் பாதி கேபர்னேக்களுக்கே போய்ச் சேரும்; ஆகவே ஓக் பீப்பாயின் வாடை மிகாத தனி லிம்னியோ ஒன்றை முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.