வியாழக்கிழமை செயின், ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்

ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கில் ஊர் சுற்றுகிற எங்கள் கூட்டத்தில் கடைசி வண்டி என்னுடையது. முன்னால் போகிற எவன் வண்டி நின்றாலும் பக்கத்தில் போய் நிற்பது நான்தான். அதனால் யார் வண்டி எதனால் நிற்கும் என்பது எனக்கு அத்துப்படி. இன்ஜின் உடைந்து நின்ற வண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. செயின் கழன்றிருக்கும், கிளட்ச் வயர் அறுந்திருக்கும், பேட்டரி படுத்திருக்கும், இல்லையென்றால் பஞ்சர். பஞ்சரை விடுங்கள், அது யாருக்கும் வரும். மற்றதெல்லாம் வீட்டு வாசலிலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டியவை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ரைடு போகிற தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம் வண்டியோடு அரை மணி நேரம் உட்காருங்கள். ஏன் வியாழன்? ஏதாவது குறை தெரிந்தால் பெங்களூர் ஜே.சி. ரோட்டில் சாமான் வாங்க வெள்ளி, சனி இரண்டு நாள் கையில் இருக்கும். சனிக்கிழமை ராத்திரி தெரிந்தால், "ஒரு நாள்தானே, தாங்கிடும்" என்று மனசு சமாதானம் சொல்லிவிடும்.

அல்சூரில் நான் இருக்கிற கட்டடத்தில் பார்க்கிங் என்பது ஒரு டியூப்லைட்டும் ஏழெட்டு வண்டியும் நிற்கிற இடுக்குதான். கீழ்வீட்டு அம்மா தரையில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் விடமாட்டார். அதனால் பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து வைத்திருக்கிறேன், வேலைக்கு முன்னால் அதை விரித்துவிடுவேன். வேண்டிய சாமான்களும் அதிகமில்லை: வண்டியோடு வந்த டூல் கிட், பின்சக்கர அச்சு நட்டுக்குச் சரியான ரிங் ஸ்பானர், காற்று அளக்கும் கேஜ், பழைய டூத் பிரஷ், பனியன் துணி, கியர் ஆயில் 90 ஒரு பாட்டில். பீன்யாவில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், வாய் தேய்ந்த ஓப்பன் ஸ்பானரால் அச்சு நட்டைத் தொடாதீர்கள். நட்டின் முனை மழுங்கினால் பிறகு உளிதான்.

முதலில் செயின். மற்றதற்கெல்லாம் சேர்த்து ஆகிற நேரம் இதற்கு மட்டும் ஆகும், ஆகட்டும்.

சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். இப்போது வருகிற பல வண்டிகளில் அது கிடையாது. பின்பக்கம் தூக்குகிற பேடாக் ஸ்டாண்டு ஒன்றை நாலு பேர் சேர்ந்து வாங்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கியரைப் போட்டு இன்ஜின் ஓட ஓட செயினைத் துடைக்கிறவர்களை வாட்டர் வாஷ் கடைகளில் பார்க்கலாம். துணி சிக்கினால், செயின் ஓடுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டுக்குள் விரலும் சேர்ந்து போகும். யார் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள்.

அழுக்கை எடுக்க நாங்கள் கிருஷ்ணாயில் போட்டுத்தான் பழகினோம். இப்போது அது லேசில் கிடைப்பதில்லை. செயின் கிளீனர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளுங்கள். பெட்ரோல் மட்டும் வேண்டாம். ஓ-ரிங் செயினில் கண்ணிகளுக்கு நடுவே இருக்கிற ரப்பர் வளையங்களை அது கெடுத்துவிடும், அப்புறம் உள்ளே அடைத்து வைத்த கிரீஸ் வெளியே போய்விடும். கம்பி பிரஷ்ஷும் அதே காரணத்துக்காக ஆகாது. துடைத்துக் காய்ந்த பிறகு, செயினின் கீழ் ஓட்டத்தில் உள்பக்கம் பார்த்து எண்ணெய் விடுங்கள். சக்கரம் சுற்றும்போது எண்ணெய் வெளிப்பக்கம்தான் தெறிக்கும், ஆகவே உள்ளே விட்டது செயினுக்குள் புகுந்து வெளியே வரும். வெளிப்பக்கம் விட்டால் நேராகப் பின்சக்கர ரிம்முக்கும் பேண்டுக்கும் போய்ச் சேரும். ராத்திரி முழுக்க ஊறவிட்டுக் காலையில் மிச்சத்தைத் துடையுங்கள்.

அடுத்தது தளர்ச்சி. இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில், கீழ் ஓட்டத்தில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். எத்தனை மில்லிமீட்டர் ஆட வேண்டும் என்று செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆபீஸ் போகிற சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 வரை. ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலு இடத்தில் பார்க்க வேண்டும். பழைய செயின் ஒரு இடத்தில் தொங்கும், ஒரு இடத்தில் விறைத்து நிற்கும். விறைப்பான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், அதிகமாக இழுத்துக் கட்டிய செயின் இன்ஜின் பக்கத்து பேரிங்கைத் தின்றுவிடும். அச்சு நட்டைத் தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவந்து, நட்டை இறுக்கிவிட்டு, மறுபடி ஒரு தடவை அளந்து பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறும். பின்னால் டிரம் பிரேக் என்றால் சக்கரம் நகர்ந்ததும் பிரேக்கின் அளவும் மாறியிருக்கும், அதையும் சரிபாருங்கள்.

செயின் லாக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வண்டிகளில் செயினின் இரண்டு முனையையும் ஒரு கண்ணி இணைக்கும், அதன் மேல் மெல்லிய கிளிப் ஒன்று இருக்கும். கிளிப்பின் ஒரு பக்கம் மூடியிருக்கும், மறுபக்கம் பிளந்திருக்கும். மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்த்திருக்க வேண்டும். மீன் தலையை முன்னால் நீட்டி நீந்துகிறதே, அப்படி. செயினின் மேல் ஓட்டம் வண்டியின் முன்பக்கம் நோக்கிப் போகிறது. ஆக, கிளிப் மேலே வரும்போது மூடிய பக்கம் ஹெட்லைட்டைப் பார்க்கும், கீழே வரும்போது பின்னால் பார்க்கும். என் அக்கா பையனின் நண்பன் ஒருவன் ரைடுக்கு இரண்டு நாள் முன்னால் கடையில் கொடுத்துப் புது செயின் போட்டு வந்தான். அஞ்செட்டி இறக்கத்தில் செயின் அறுந்து பின்னால் கோலம் போட்டது. கிளிப்பைத் திருப்பி மாட்டியிருந்தார்கள். பிளவுபட்ட முனை எதிலாவது ஒவ்வொரு முறையும் உரசி உரசிக் கழன்றிருக்கிறது. செயின் சக்கரத்தில் சுற்றிப் பூட்டிக்கொள்ளாமல் ரோட்டில் விழுந்தது அவன் நல்ல நேரம். என் பையில் 428 அளவு லாக் ஒன்று இருந்ததால் அங்கேயே மாட்டிக் கிளம்பினோம். செயின் தகட்டிலேயே 428, 520 என்று அளவு பொறித்திருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய லாக் ஒன்றை வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள், விலை ஒரு டிபன் செலவுகூட வராது. பெரிய வண்டிகளில் ரிவெட் அடித்த செயின் என்பதால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகியிருந்தால் செயினோடு சேர்த்து மொத்த செட்டையும் மாற்றுங்கள். செயினை மட்டும் மாற்றினால் தேய்ந்த பல் புது செயினையும் சீக்கிரம் தின்றுவிடும்.

டயர் காற்றை வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். பங்க்குக்கு ஓட்டிப் போவதற்குள் டயர் சூடாகி அளவு ஏறிக் காட்டும், அதனால்தான் சொந்த கேஜ் வேண்டும் என்கிறேன். தனியாகப் போக ஒரு அளவு, பின்னால் ஆள் இருந்தால் இன்னொரு அளவு, இரண்டும் ஸ்டிக்கரில் இருக்கிறது. அப்படியே டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2219 என்றிருந்தால் 2019-ம் வருடம் 22-வது வாரம் செய்த டயர். மேல்பரப்பின் பட்டன் தேயாமலே ரப்பர் கிழடாகி வெடிப்பு விட்ட டயர்கள் ஐ.டி. ஆட்களின் வண்டிகளில்தான் அதிகம். வீட்டிலிருந்தே வேலை என்று வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் வேறென்ன ஆகும்?

பிரேக் பேடைக் குனிந்து பாருங்கள், தேய்மானக் கோடு வந்துவிட்டால் யோசிக்காமல் மாற்றுங்கள். பிரேக் ஆயிலின் மட்டமும் நிறமும் பாருங்கள், காப்பி நிறத்துக்கு வந்திருந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். டாங்க் பெயிண்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் அரித்துவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கிளட்ச் லிவர் பக்கத்தில் வயரின் முனையைக் கவனியுங்கள். ஒரு இழை பிரிந்து நீட்டிக்கொண்டிருந்தால் வயருக்கு ஆயுசு முடிந்தது. இன்ஜின் ஆயில் வாங்கும்போது டப்பாவில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற பைக் ஆயில் தரக்குறி இருக்கிறதா பாருங்கள். நம் வண்டிகளில் பெரும்பாலும் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது, வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும். ஏர் ஃபில்டருக்கு மேனுவலில் போட்ட கிலோமீட்டரை நம்பாதீர்கள். அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோ தூசியில் தினமும் போய் வருகிறவர் பாதியிலேயே திறந்து பார்ப்பது நல்லது.

காகிதம். 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது வண்டிகளுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் ஐந்து வருடத்துக்கு இருக்கும். அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். சொந்த சேதத்துக்கான பாலிசி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான், அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புகைச் சான்றையும் பாருங்கள். அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு போலீஸ், டிஜிலாக்கரில் காட்டினால் போதும்.

ஹெல்மெட் பற்றி நான் வாதாடுவதில்லை. ஐ.எஸ். 4151 முத்திரை இல்லாத பாதி ஹெல்மெட்டோடு வந்தால் எங்களோடு வர முடியாது. பின்னால் உட்காருகிறவருக்கும் அதேதான். கர்நாடகாவில் 2016 ஜனவரியிலிருந்து அது சட்டமும்கூட.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். எங்களுக்குப் பிடித்த பாதை ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல். எல்லோரும் நந்தி மலைக்குப் போகிறார்கள், அங்கே சூரியனைவிட செல்ஃபி ஸ்டிக்தான் அதிகம் தெரியும். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து நம்மை விடுவதில்லை, சர்வீஸ் ரோடுதான். ஓசூர் பக்கம் போனால் இட்லியும் கிடைக்கும், கடைக்காரரோடு தமிழிலும் பேசலாம்.

பெட்ரோலை முதல் நாள் ராத்திரியே நிரப்பிவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு எட்டு வண்டியும் ஒரே பங்க்கில் வரிசையில் நின்றால் அங்கேயே அரை மணி போய்விடும். சில்க் போர்டு சந்திப்பை வெளிச்சம் வருமுன் தாண்ட வேண்டும், அங்கே ஆகிற நெரிசலைப் பெங்களூர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. எட்டுக்கு மேல் வண்டி சேர்ந்தால் இரண்டு கூட்டமாகப் பிரியுங்கள். பன்னிரண்டு வண்டி சேர்ந்து போனால் சிக்னல் ஒவ்வொன்றிலும் கூட்டம் இரண்டாகப் பிரியும், அப்புறம் போனில் "எங்கடா இருக்க?" தான்.

முன்னால் போகிறவர் வழி தெரிந்தவராக இருக்கட்டும். அவருக்கு அடுத்து புதிதாக ஓட்டுகிறவரும் சின்ன வண்டிக்காரரும். வேகம் அவர்களுடையது. 100 சி.சி. வண்டி ஒன்று இருந்தால் அன்றைக்கு அந்த வண்டியின் வேகம்தான் எல்லோருக்கும், பிடிக்காதவர் வேறு நாள் வரலாம். நான்கு வழிச்சாலையில் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். குறுக்காக முன்னால் போகிறவருக்கும் உங்களுக்கும் ஒரு விநாடி, நேர் முன்னால் போகிறவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. தேன்கனிக்கோட்டை தாண்டி வளைவுகள் ஆரம்பித்ததும் ஒற்றை வரிசை. வளைவில் பக்கத்தில் வண்டி இருந்தால் குழியைப் பார்த்து விலக இடமில்லை.

திருப்பங்களில் ஒரே விதி: பின்னால் வருகிறவர் உங்களைப் பார்க்கிற வரை அங்கேயே நில்லுங்கள். அவர் பார்த்துத் தலையாட்டியதும் கிளம்புங்கள். எல்லோரும் இதைச் செய்தால் மேப்பே வேண்டாம், யாரும் தொலையவும் மாட்டார்கள்.

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் வரை காடு. 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம் இந்தப் பக்கம்தான், யானைகள் ரோட்டைக் கடக்கும். கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரன் அடிக்காதீர்கள், போட்டோவுக்காகக் கிட்டே போகாதீர்கள். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டியிருக்க வேண்டும், ஆகவே மீன் வறுவலுக்கும் பரிசலுக்கும் மதியம் இரண்டு மணி வரைதான் நேரம்.

யாருக்காவது பஞ்சர் என்றால் எல்லோரும் சுற்றி நின்று யோசனை சொல்லாதீர்கள். இரண்டு பேர் நிற்கட்டும், மற்றவர்கள் அடுத்த டீக்கடைக்குப் போய்க் காத்திருக்கட்டும். டியூப்லெஸ் டயருக்கு ஓட்டையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப்பும் சின்ன பம்ப்பும் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஸ்போக் சக்கரத்தில் பெரும்பாலும் டியூப்தான் இருக்கும், சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பொறுமையாக இருங்கள்.

திரும்பும்போது எலக்ட்ரானிக் சிட்டி வந்ததும் கூட்டம் கலையும், அவரவர் வீட்டு வழி. களைப்பில் ஓட்டுவது அந்தக் கடைசி அரை மணி நேரம்தான், அதனால் வீடு சேர்ந்ததும் ஒவ்வொருவரும் வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை போட்டாக வேண்டும். எட்டு மணி வரை போடாதவருக்கு நான் போன் அடிப்பேன். தூங்கிப்போய் எடுக்காதவர்களின் வீட்டுக்காரம்மா நம்பரும் என்னிடம் இருக்கிறது.