மாதிரி ரயிலுக்கு நாலு சில்லுச் சரக்குப் பெட்டி: பிளாஸ்ரிக் தகட்டில் அடியிலிருந்து கட்டும் முறை

திருகோணமலை ரயில் பாதையின் தண்டவாள அகலம் 1676 மி.மீ. 100 ஆல் வகுத்தால் 16.76. கடையில் வாங்கும் எச்ஓ (HO என்ற மாதிரி ரயில் அளவு) தண்டவாளம் 16.5 மி.மீ. எனவே 1:100 இல் கட்டுங்கள். எச்ஓவுக்குரிய 1:87 இல் கட்டினால், அதே தண்டவாளத்தில் நம்முடைய அகலப்பாதைப் பெட்டி ஒடுங்கிய பாதைக்கு வந்ததுபோல் நிற்கும்.

வேண்டியவை: 1 மி.மீ., 0.5 மி.மீ. ஸ்டைரீன் தகடு, அதற்கான திரவப் பசை, எபொக்சி, 9.6 மி.மீ. விட்டமுள்ள சில்லுச் சோடி 2, பித்தளைத் தாங்கி 4, 0.8 மி.மீ. கம்பி. விளம்பரப் பலகைக் கடையில் மிஞ்சும் பிவிசித் துண்டும் உதவும்; ஆனால் ஸ்டைரீன் பசை அதில் பிடிக்காது, சுப்பர் குளூதான். காகித மட்டை வேண்டாம், மார்கழி ஈரத்தில் ஊதிவிடும்.

படி 1: உடல்
1 மி.மீ. தகட்டில் தளம் 60 × 28, பக்கச்சுவர் 60 × 25 இரண்டு, முனைச்சுவர் 26 × 25 இரண்டு. முனைச்சுவரையும் 28 என்று வெட்டுவது புதியவர்கள் விடும் பிழை. பக்கச்சுவர்களின் தடிப்பு 2 மி.மீ. கழிய வேண்டும். கத்தியால் மூன்று தரம் மெதுவாகக் கீறி முறியுங்கள். கூரையை மூடுமுன் தளத்தில் 3 மி.மீ. துளை இரண்டு போடுங்கள். இல்லாவிட்டால் பசையின் ஆவி உள்ளே அடைபட்டு, சில வாரங்களில் சுவர் உள்வாங்கும்.

படி 2: அடிச்சட்டம்
பெட்டி தடம் புரள்வது பெரும்பாலும் இங்கேதான். நாலு சில்லும் இறுக்கமாக நின்றால், தண்டவாளம் சற்றுக் கோணும் இடத்தில் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்கும். ஆகவே 35 மி.மீ. இடைவெளியில் வரும் இரு அச்சுகளில் ஒன்றின் தாங்கிச் சட்டத்தை மட்டும் தளத்தில் ஒட்டுங்கள். மற்ற அச்சின் தாங்கிச் சட்டத்தை, பெட்டியின் நடுக்கோட்டில் நீளவாக்காக ஓடும் 0.8 மி.மீ. கம்பியில் கோத்து, இருபுறமும் அரை மி.மீ. ஆட விடுங்கள். அதற்கு மேல் ஆடினால் பெட்டி சாயும். சில்லுகளின் உட்புற இடைவெளி 14.4 மி.மீ. கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சில்லின் கீழ் தடித்த காகிதம் செருகுங்கள்: மற்ற மூன்றும் கண்ணாடியைத் தொட வேண்டும்.

படி 3: பாரம்
மொத்தம் 50 கிராம் போதும். வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு இங்கே தாராளம். வெள்ளைப் பசையால் ஒட்டவே ஒட்டாதீர்கள். ஈயம் அதோடு வினைபுரிந்து வெண்பொடியாகப் பருத்து, காலப்போக்கில் சுவரையே பிளக்கும். எபொக்சி போடுங்கள், தளத்தோடு தாழ்வாக.

படி 4: நுணுக்கம்
சுவர் விலா: 0.5 மி.மீ. தகட்டில் 1 மி.மீ. அகலக் கீற்று. கூரை: 0.5 மி.மீ. தகட்டைப் போத்தலில் சுற்றிக் கட்டி, கொதிநீர் ஊற்றி, ஆறியபின் அவிழ்த்தால் வளைவு நிற்கும்.

படி 5: வர்ணம்
பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி உலர்த்துங்கள். கச்சான் காற்று (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும்போது ஸ்பிறே அடித்தால் வர்ணம் காற்றிலேயே காய்ந்து மணல்போல் படியும். மழை ஈரத்தில் வெளிறும். கச்சான் காலமென்றால் காற்று எழுமுன் காலையில் அடியுங்கள். துருவைச் சுவர் நடுவில் அப்பாதீர்கள். சீனன்குடா ரயில் நிலையப் பக்கம் போனால், பழைய பெட்டிகள் நின்றால் கவனியுங்கள்: நீர் தேங்கும் அடி விளிம்பும் கதவின் கீழ்ச்சட்டமும்தான் முதலில் அரிக்கும்.