வன்பொருள் இல்லாமலே முதல் லினக்ஸ் டிரைவர்

டிரைவர் (சாதனத்தை இயக்க முறைமையுடன் இணைக்கும் நிரல்) எழுதக் கற்க விரும்புவோர் பலர் முதல் வேலையாக ஒரு சென்சாரை வாங்கிவிடுகிறார்கள். அது தேவையே இல்லை. படிக்கும்போது ஒரு வரி வாழ்த்தைத் தரும் எளிய 'மிஸ்க்' சாதனத்தை (வேறு வகைகளில் சேராத சிறு சாதனங்களுக்கான லினக்ஸ் வகை) எழுதினாலே அடிப்படை பிடிபடும். சி மொழியில் பாயின்டர்கள் பழகியிருந்தால் போதும்.

வேலையை ஒரு மெய்நிகர் கணினியில் தொடங்குங்கள். சாதாரண நிரலில் பாயின்டர் தவறினால் அந்த நிரல் மட்டும் நிற்கும். இயக்க முறைமையின் மையமான கெர்னலுக்குள் தவறினால் கணினியே உறைந்துபோகலாம். ஜிசிசி தொகுப்பான், மேக் கருவி ஆகியவற்றுடன், அங்கே ஓடும் கெர்னலின் பதிப்புக்கு உரிய ஹெடர் கோப்புகளையும் நிறுவுங்கள். மேக்ஃபைலில் 'ஆப்ஜ்-எம்' என்பதற்கு உங்கள் கோப்பின் பெயரைக் கொடுத்து, கெர்னலின் பில்ட் அடைவைச் சுட்டினால், கெர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டான மாட்யூல் உருவாகும்.

அடுத்து, மாட்யூல் ஏறும்போது இயங்கும் செயல்கூறில் 'மிஸ்க்_ரிஜிஸ்டர்' என்பதையும், இறங்கும்போது இயங்குவதில் 'மிஸ்க்_டிரிஜிஸ்டர்' என்பதையும் அழையுங்கள். மிஸ்க் சாதனங்கள் அனைத்துக்கும் மேஜர் எண் (டிரைவரைக் குறிக்கும் எண்) 10. அவற்றுள் ஒவ்வொரு சாதனத்தையும் பிரித்துக் காட்டும் மைனர் எண்ணைக் கெர்னலே ஒதுக்கும்படி விட்டுவிடலாம். உரிமத்தை ஜிபிஎல் (ஒரு கட்டற்ற மென்பொருள் உரிமம்) என்று குறிக்க மறவாதீர்கள். கெர்னலின் பல செயல்கூறுகளை அவ்வுரிமம் உள்ள மாட்யூல்கள் மட்டுமே அழைக்க முடியும்.

கவனம் முழுவதும் தேவைப்படுவது, சாதனத்தை ஒரு நிரல் படிக்கும்போது இயங்கும் 'ரீட்' செயல்கூறில்தான். பயனர் நிரல் அனுப்பும் முகவரி தவறானதாகவோ, வேண்டுமென்றே கெர்னல் நினைவகத்தைச் சுட்டுவதாகவோ இருக்கலாம் என்பதால், அதில் நேரடியாக எழுதாமல் 'காப்பி_டு_யூசர்' வழியாகவே நகலெடுக்க வேண்டும். அது நகலெடுக்க முடியாமல் விட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் திருப்பித் தரும்; அது பூஜ்யமாக இல்லாவிட்டால் 'இஃபால்ட்' பிழையை எதிர்மறை எண்ணாகத் திருப்புங்கள். நகலெடுத்த அளவுக்கு ஆஃப்செட்டையும் (எதுவரை படித்தாயிற்று என்ற குறியை) நகர்த்த வேண்டும். ரீட் பூஜ்யம் தரும்வரை, கோப்பைப் படித்துத் திரையில் காட்டும் 'கேட்' கட்டளை மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், வரி முடிந்தபின் பூஜ்யம் தராத டிரைவர் திரை முழுவதும் வாழ்த்தை ஓயாமல் கொட்டும். இவ்வளவையும் 'சிம்பிள்_ரீட்_ஃப்ரம்_பஃபர்' ஒரே அழைப்பில் செய்துவிடும்; ஆனாலும் முதல் முறை கையால் எழுதிப் பார்ப்பதே நல்லது என்பேன்.

இனி ரூட் உரிமையுடன் 'இன்ஸ்மாட்' கொடுத்து மாட்யூலை ஏற்றி, டெவ் அடைவில் தோன்றும் கோப்பை 'கேட்' கொண்டு படியுங்கள். டிரைவர் அச்சிட்ட செய்திகளை 'டிமெஸ்ஜி' காட்டும். 'ரீட்' போன்ற செயல்கூறுகளைக் கெர்னலுக்குச் சுட்டும் ஃபைல் ஆபரேஷன்ஸ் அமைப்பில், உங்கள் மாட்யூலைக் குறிக்கும் 'ஓனர்' புலத்தை நிரப்பியிருந்தால், கோப்பை ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்போது 'ஆர்எம்மாட்' மாட்யூலை இறக்க மறுக்கும். அதையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.