நின்றுபோன மாருதி 800-ஐ வீட்டிலேயே ஓட வைப்பது: ஏற்காட்டுப் பாதைக்கு ஏற்றபடி

பழைய 800 வாங்குகிறவர்கள் முதல் பணத்தைப் பெரும்பாலும் சீட் கவருக்கும் பெயின்டுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். அந்த வண்டி சேலத்துக்குள் அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை அழகாகப் போகும். அடிவாரம் தாண்டியதும் பல்லிளித்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது வேலை வாங்கப்படுவது கூலிங், இறங்கும்போது பிரேக். இந்த இரண்டும் சரியாகும்வரை பெயின்டரைக் கூப்பிட வேண்டாம்.

இங்கே சொல்வது கார்பரேட்டர் வைத்த, 796 சிசி, மூன்று சிலிண்டர் 800-க்கு. எம்பிஎஃப்ஐ (கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீய்ச்சும்) வண்டி என்றால் முக்கியமாகப் பெட்ரோல் சம்பந்தமான பகுதி மாறும்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குப் படிவம் 25 கொடுத்து, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். எண் ஒத்துப்போகாத வண்டியில் போடும் காசு மண்ணில் போட்டதுதான்.

அடுத்து துரு. உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கி, டிரைவர் கால் வைக்கும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். பேட்டரிக்கு அடியில், ஜாக்கி வைக்கும் இடங்களில், பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் மேல்முனை உட்காரும் இடத்தில் என்று எல்லாவற்றையும் குத்திப் பார்க்க வேண்டும். தரை ஓட்டையாக இருந்தால் 20 கேஜ் தகரம் வெட்டி வெல்டிங் வைத்துவிடலாம். சஸ்பென்ஷன் மேல்முனை உளுத்திருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். எந்த இடத்தையும் பட்டி பூசி மூடாதீர்கள்; உள்ளே ஈரம் தங்கி, ஒரே மழைக்காலத்தில் பக்கத்துத் தகரத்தையும் தின்றுவிடும்.

வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹாலோ பிளாக் கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

இன்ஜினை எழுப்புவது

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எடுத்த எடுப்பில் செல்ஃப் அடிக்கக் கூடாது. மூன்று பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் சமதளத்தில் நான்காவது கியர் போட்டு வண்டியை மெதுவாகத் தள்ளுங்கள். பிளக் இல்லாததால் இன்ஜின் லேசாகச் சுற்ற வேண்டும். அசையவே இல்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். மீண்டும் ஆயில் விட்டு இரண்டு நாள் பொறுங்கள். பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும்போது முரட்டுத்தனமாகச் சுற்றினால் சிலிண்டரில் கீறல் விழும்.

சுற்றிவிட்டால் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-40 ஆயில் 2.5 லிட்டர் ஊற்றுங்கள். மீதியை டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். 3 லிட்டர் கேன் வாங்கினால் போதும். வடித்த ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகத் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று கணக்கு. புது பிளக் இடைவெளி 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர். டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்காமல் மாற்றிவிடுங்கள். ரப்பர் வயதாலும் கெடும்.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோல் முழுவதையும் வெளியேற்றுங்கள், வாயால் உறிஞ்ச வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். நீண்ட நாள் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி டேங்கைத் துருப்பிடிக்க வைக்கும். பழைய பெட்ரோல் ஓஸ்களும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஓஸை விரலால் வளைத்துப் பாருங்கள். வெடிப்போ பிசுபிசுப்போ தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றிவிடுவதே நல்லது. கார்பரேட்டரில் ஃப்ளோட் கிண்ணத்தைச் சுத்தம் செய்து, ஜெட்டுகளை கார்ப் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கள். கம்பி விட்டுக் குடையாதீர்கள், துளை பெரிதானால் மைலேஜ் போய்விடும்.

கூலிங்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர். அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். கார் இன்ஜின் அதைத் தாங்குவதற்குக் காரணம் ரேடியேட்டர் மூடி: உள்ளே அழுத்தத்தைத் தேக்கி, கொதிநிலையை 20 டிகிரிக்கு மேல் உயர்த்தி வைக்கிறது. மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்துபோனால் அந்த அழுத்தம் நிற்காது. ஊருக்குள் சூடாகாத வண்டி மலையில் மட்டும் கொதித்தால் முதலில் மூடியை மாற்றிப் பாருங்கள். ரேடியேட்டரைக் கழற்றுவது அப்புறம்.

போர் தண்ணீர் ஊற்றி ஓட்டிய வண்டிகளில் ரேடியேட்டர் குழாய்களில் உப்புப் படிந்திருக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவிவிட்டு, கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றுங்கள். கலவை 4 லிட்டர் கைவசம் இருக்கட்டும். மேல் ஓஸ், கீழ் ஓஸ் இரண்டும் புதிதாக இருக்க வேண்டும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு" என்று கழற்றிப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு அது. அது இல்லாமல் இன்ஜின் சூடேறத் தாமதமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். சந்தேகமாக இருந்தால் தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டி வால்வு திறக்க வேண்டும். ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்குகிறதா என்பதை வீட்டு வாசலில் இன்ஜினை ஓடவிட்டே பார்த்துவிடலாம். இன்ஜின் ஹெட் அலுமினியம், ஒருமுறை நன்றாகக் கொதித்தால் வளைந்துவிடும்.

பிரேக்: இங்கே அவசரம் கூடாது

பின் டிரம்மில் தொடங்குங்கள். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, சக்கரத்தைக் கழற்றி, நடு நட்டின் பூட்டுப்பின்னை எடுத்து, நட்டைக் கழற்றி, டிரம்மை இழுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். ஸ்பிரிங் எந்தத் துளையில் மாட்டியிருந்தது என்று குழம்பினால், பிரிக்காத பக்கம் பார்த்துச் சரிசெய்யக் கண்ணெதிரே இருக்கும். உள்ளே இருக்கும் கரித்தூளை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இனி வீல் சிலிண்டர், அதாவது டிரம்முக்குள் பிரேக் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர். இரு முனையிலும் இருக்கும் ரப்பர் தொப்பியின் ஓரத்தை மெல்ல நெம்பிப் பாருங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நல்லது. ஈரம் தெரிந்தால் கசிகிறது. பிஸ்டனை எடுத்துவிட்டு உள்சுவரில் விரல் நகத்தை ஓட்டுங்கள். நகம் எங்காவது தட்டினால் குழி விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு வாஷர் கிட் மட்டும் போடுவது வீண். சில மாதத்தில் மறுபடியும் கசியும், புது லைனிங்கும் ஆயிலில் ஊறிக் கெடும். முழு சிலிண்டரையே, அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

பிரேக் ரப்பர்களை மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது. பட்டறைகளில் சாதாரணமாக நடக்கும் தப்பு இது. ரப்பர் ஊதிப்போய், பிஸ்டன் திரும்பாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கும். கழுவுவதும் தடவுவதும் பிரேக் ஆயிலில் மட்டுமே. புது நட்டுப்பூட்டுப்பின் ஐந்து பத்து ரூபாய் சமாசாரம். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

முன் டிஸ்க்கில் பேடைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் பின்கள் கையால் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். ரப்பர் பிரேக் ஓஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கலாம். பெடலை விட்ட பிறகும் ஒரு சக்கரம் மட்டும் இறுகியே நின்றால் அதையும் சந்தேகப்படுங்கள்.

கடைசியாக ஏர் எடுப்பது, அதாவது பிரேக் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் இழுக்கும். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்கும். ஈரம் சேர்ந்தபின் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். மலை இறக்கத்தில் டிஸ்க் பழுக்கும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும். ஆகவே பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, பிரிக்காத புட்டியிலிருந்து மட்டும் ஊற்றுங்கள். பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விடுங்கள், அரித்துவிடும்.

மாஸ்டர் சிலிண்டரிலிருந்து (பெடல் அழுத்தினால் ஆயிலைத் தள்ளுவது) தூரமான சக்கரம் முதலில்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. சில வண்டிகளில் பின்னால் ஒரே ஒரு நிப்பிள்தான் (காற்றை வெளியேவிடும் திருகு) இருக்கும், தேடிக்கொண்டிருக்க வேண்டாம். நிப்பிளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் உள்ள பாட்டிலில் முக்குங்கள். உள்ளே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க, நீங்கள் கால் சுற்றுத் திறந்து, மூடிய பிறகே அவர் காலை எடுக்க வேண்டும். குமிழி நிற்கும்வரை இதுதான். மேலே டப்பாவில் ஆயில் தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஏர் எடுக்கத் தொடங்கும் முன்பே பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டை வையுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் வழக்கமாகப் போகாத கடைசிப் பகுதி துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருக்கும்; பெடலைத் தரைவரை அமுக்கினால் வாஷர் அதில் உரசிக் கிழியும். ஏர் எடுக்கும்வரை நன்றாக இருந்த பிரேக் அதன்பிறகு கெட்டது என்று சொல்லப்படும் வண்டிகளில் பலவற்றின் கதை இதுதான்.

முடிந்ததும் பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல இறங்கிக்கொண்டே போனால் கசிவு இருக்கிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

சோதனை ஓட்டம்

முதலில் தெருவில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் இழுத்தால் எதிர்ப்பக்கம் வேலை செய்யவில்லை. பிறகு அடிவாரம் வரை போய் நிறுத்தி, நான்கு சக்கரத்தின் அருகிலும் கை கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அங்கே பிரேக் ஒட்டுகிறது.

எல்லாம் சரி என்றால் நாலைந்து வளைவு மட்டும் ஏறித் திரும்புங்கள். இறங்கும்போது ஏறிய அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் சாவியை அணைப்பதும் வேண்டவே வேண்டாம். பிரேக்கைக் காலால் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்திக் குறைத்து விட்டுவிட வேண்டும். கருகல் வாசம் வந்தால் ஓரங்கட்டி ஆறவிடுங்கள், டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

500 கிலோமீட்டர் ஓடியதும் இன்ஜின் ஆயிலை மறுபடி மாற்றி, பின் டிரம்களை ஒருமுறை திறந்து சிலிண்டர் உலர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்டரைக் கூப்பிடுவது அதற்குப் பிறகு.