இரண்டு பேர், ஒரு பென்சில்: பேஸ்பால் மைதானத்தில் ஸ்கோர்கார்டு எழுதுவது எப்படி

பேஸ்பால் உங்களுக்கு உயிர். கூட வரும் நண்பருக்கு அது புதுசு. மூன்றாவது இன்னிங்ஸிலேயே அவர் கை போனைத் தேட ஆரம்பித்துவிடும். ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவில் எதைக் கவனிப்பது என்று பிடிபடாததுதான் காரணம். இதற்குக் கைகண்ட மருந்து ஸ்கோர்கார்டு, அதாவது ஒவ்வொரு பேட்டருக்கும் என்ன ஆனது என்று கட்டம் கட்டமாகக் குறிக்கும் தாள். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். ஒரே மேட்சில் இருவருக்கும் ஆட்டம் புரிபட்டுவிடும்.

மூன்று ஸ்ட்ரைக் என்றால் அவுட், நான்கு பால் என்றால் வாக் (பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போகலாம்), மூன்று அவுட் விழுந்தால் அரை இன்னிங்ஸ் முடிந்தது. இவ்வளவு தெரிந்திருந்தால் போதும். இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்க மேஜர் லீக் மேட்சை மனதில் வைத்து.

எங்கே உட்காருவது

ஸ்கோர் எழுதப் போகிறவர்களுக்கு, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல் அடுக்கின் முன்வரிசைதான் சரியான இடம். பந்து எங்கே போகிறது, யார் எடுத்தார், யாரிடம் எறிந்தார் என்று மைதானம் முழுவதும் வரைபடம் போலத் தெரியும். அவுட்ஃபீல்டுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சுகளில் ஆரவாரம் அதிகம்தான். ஆனால் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) எடுத்தாரா, மூன்றாவது பேஸ்மேன் எடுத்தாரா என்பது அங்கிருந்து சரியாகத் தெரியாது.

கீழ் அடுக்கில் டிக்கெட் எடுத்தால் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் இருக்கிற இருக்கையாகவே பாருங்கள். எழுதுகிறவர் தலை குனிந்திருப்பார். கோட்டுக்கு வெளியே பறக்கும் ஃபவுல் பந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில்கூட வரும், நிமிர்ந்து பார்க்க நேரம் கிடைக்காது. வலை இல்லாத இடம் என்றால், பந்து பிட்சர் கைக்குத் திரும்பிய பிறகுதான் குனிய வேண்டும்.

பகல் மேட்ச் என்றால் மூன்றாவது பேஸ் பக்கம் உட்காருங்கள். பேட்டர் கண்ணில் மாலை வெயில் அடிக்கக் கூடாது என்பதற்காக, ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் நோக்கிய கோடு கிழக்கு-வடகிழக்காக இருப்பது நல்லது என்று விதிப்புத்தகமே சொல்கிறது. எல்லா மைதானமும் அப்படி இல்லை. இருக்கிற இடங்களில் மூன்றாவது பேஸ் பக்கத்து இருக்கைகளுக்கு வெயில் முதுகுப்புறம் போய்விடும். முதல் பேஸ் பக்கம் அது நேராக முகத்தில் அடிக்கும், வெள்ளைத்தாளைப் பார்க்கவே முடியாது.

கையில் என்ன வேண்டும்

0.7 மில்லிமீட்டர் மெக்கானிக்கல் பென்சில் இரண்டு. 0.5 வேண்டாம், மடியில் வைத்து எழுதும்போது முனை ஒடிந்துகொண்டே இருக்கும். பேனா வேண்டவே வேண்டாம், ஏன் என்று கீழே தெரியும். தனியாக ஒரு ரப்பர், கிளிப் வைத்த பரீட்சை அட்டை ஒன்று. தாள்களை வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ளுங்கள், அணிக்கு ஒன்று வீதம் இரண்டும், உபரியாக ஒன்றும். ஒவ்வொரு கட்டத்திலும் டைமண்ட் (நான்கு பேஸ்களைக் காட்டும் சாய்சதுரம்) மெல்லிய கோட்டில் ஏற்கெனவே வரைந்திருக்கும் தாள்தான் புதியவர்களுக்கு ஏற்றது. வெறும் கட்டத்தில் நாமே டைமண்ட் வரைய ஆரம்பித்தால் அடுத்த பந்து போய்விடும்.

பை விஷயத்தில் ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் முதுகுப்பையை உள்ளே விடமாட்டார்கள், முந்தின நாளே அந்த மைதானத்தின் இணையப் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். டிக்கெட் பெரும்பாலும் மேஜர் லீக்கின் பால்பார்க் ஆப்பில்தான் இருக்கும். நண்பருடைய டிக்கெட்டை வீட்டிலிருந்தே அவர் போனுக்கு அனுப்பிவிடுங்கள். வாசலில் கூட்டம் சேர்ந்த பிறகு பாஸ்வேர்டு தேடுவது பெரும்பாடு.

வரிசையை எழுதுதல்

பேட்டிங் வரிசை மேட்சுக்குச் சில மணி நேரம் முன்பே ஆப்பில் வந்துவிடும். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது உண்டு, அதனால் இருக்கையில் அமர்ந்த பிறகு பெரிய ஸ்கோர்போர்டைப் பார்த்து எழுதுவதே நல்லது. முக்கால் மணி நேரம் முன்னதாக உள்ளே போனால் நிதானமாக எழுதலாம். முதலில் ஜெர்சி நம்பர், அடுத்து பெயர், அடுத்து அவர் ஆடும் இடத்தின் எண்.

இந்த இடத்து எண்கள்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது அவுட்ஃபீல்டு 7, நடு 8, வலது 9. பேட் மட்டும் பிடிப்பவருக்கு டிஹெச். 2022 முதல் மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளான அமெரிக்கன், நேஷனல் லீக்குகளிலும் டிஹெச் உண்டு என்பதால், பிட்சரைப் பேட்டிங் வரிசையில் தேடாதீர்கள். அவர் பெயர் தாளின் அடியில் தனியாக இருக்கும்.

ஜெர்சி நம்பரையும் இந்த எண்ணையும் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. 6 என்றால் 6ஆம் நம்பர் ஜெர்சி போட்டவர் இல்லை, ஷார்ட்ஸ்டாப் ஆடுபவர். அவர் நாலடி தள்ளி நின்றாலும் 6தான். எண் ஆளின் பொறுப்புக்கு உரியது, நிற்கும் புல்லுக்கு உரியது இல்லை. பேஸ் காப்பவர்கள் மூவருக்கும் 3, 4, 5 என்று வரிசையாகக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஷார்ட்ஸ்டாப்புக்கு 6 என்று நினைவில் வைத்தால் மறக்காது.

எண்களை நண்பருக்குப் பாடமாக நடத்தாதீர்கள். ஒன்பதையும் தாளின் மேல் ஓரத்தில் எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, ஒவ்வொரு பந்துக்கும் "யார் எடுத்தாங்க, யார்கிட்ட எறிஞ்சாங்க?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரத்தில் அவரே "ஆறு, நாலு, மூணு" என்று சொல்லத் தொடங்கிவிடுவார். ஷார்ட்ஸ்டாப், இரண்டாவது பேஸ், முதல் பேஸ் என்று பந்து சுற்றி வந்த இரட்டை அவுட் அது.

ஒரு அரை இன்னிங்ஸ், கட்டம் கட்டமாக

டைமண்டின் கீழ் முனை ஹோம், வலது முனை முதல் பேஸ், மேல் முனை இரண்டாவது, இடது முனை மூன்றாவது.

முதல் பேட்டர் தரையோடு அடிக்கிறார், ஷார்ட்ஸ்டாப் எடுத்து முதல் பேஸுக்கு எறிகிறார். அவர் கட்டத்தில் 6-3. மூலையில் 1 போட்டு வட்டமிடுங்கள், அதுதான் முதல் அவுட்.

இரண்டாமவருக்கு வாக். டபிள்யூ எழுதி, கீழ் முனையிலிருந்து வலது முனை வரை கோட்டை அழுத்துங்கள்.

மூன்றாமவர் வலது அவுட்ஃபீல்டுக்கு சிங்கிள் அடிக்கிறார். முதல் பேஸில் இருந்தவர் மூன்றாவது பேஸ் வரை ஓடிவிடுகிறார். இப்போது இரண்டு கட்டங்களில் வேலை. அடித்தவர் கட்டத்தில் 1பி 9, முதல் பேஸ் வரை கோடு. இரண்டாமவர் கட்டத்தில் மேல் முனை வழியாக இடது முனை வரை கோடு, அதன் வெளியோரம் சிறியதாக 3. அதாவது இவரை நகர்த்தியது வரிசையில் மூன்றாமவர். இந்தச் சின்ன எண்ணைப் பலர் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். ராத்திரி வீட்டில் தாளைப் பார்க்கும்போது ஓட்டம் எப்படி வந்தது என்ற கதையை அதுதான் சொல்லும்.

நான்காமவர் நடு அவுட்ஃபீல்டுக்கு உயரமாக அடிக்க, கேட்ச். பந்து கையில் பிடிபட்டதும் மூன்றாவது பேஸில் இருந்தவர் ஓடிவந்து ஹோமைத் தொடுகிறார். அடித்தவர் கட்டத்தில் எஸ்எஃப் 8 (எஸ்எஃப் என்றால் சாக்ரிஃபைஸ் ஃப்ளை), வட்டத்துக்குள் 2, ஓட்டம் வரவைத்ததற்கு ஒரு புள்ளி. இரண்டாமவர் கட்டத்தில் கோட்டை ஹோம் வரை மூடி, ஓரத்தில் 4 எழுதி, டைமண்டை முழுக்க நிரப்புங்கள். அடைத்த டைமண்ட் ஒரு ரன்.

ஐந்தாமவர் இரண்டாவது பேஸ்மேனிடம் தரைப்பந்து. அவர் பந்தை இரண்டாவது பேஸில் வந்து நிற்கும் ஷார்ட்ஸ்டாப்பிடம் கொடுக்க, முதல் பேஸிலிருந்து ஓடிவந்தவர் அவுட். மூன்று அவுட் ஆயிற்று.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். கை தானாகவே ஐந்தாமவர் கட்டத்தில் 4-6 எழுதி 3ஐ வட்டமிடப் போகும். அவர் அவுட் ஆகவில்லை. அவுட் ஆனது மூன்றாமவர். எனவே மூன்றாமவர் கட்டத்தில் முதல் பேஸிலிருந்து பாதிக் கோடு, அதை வெட்டி ஒரு குறுக்குக்கோடு, பக்கத்தில் 4-6, வட்டத்துக்குள் 3. ஐந்தாமவர் கட்டத்தில் எஃப்சி (ஃபீல்டர்ஸ் சாய்ஸ்), முதல் பேஸ் வரை கோடு, அவ்வளவுதான். இது ஹிட் இல்லை. முன்னால் ஓடியவரை அவுட் ஆக்க ஃபீல்டர் எடுத்த முடிவால் இவர் தப்பினார். அவுட் விழுந்தால் உடனே எழுதாமல், "அவுட் யாரு?" என்று ஒருமுறை நண்பரிடம் கேளுங்கள். ஒரு நொடி வேலை, தாள் முழுவதும் சுத்தமாக இருக்கும்.

அடுத்து, ஐந்தாமவர் கட்டத்தின் கீழ் வலது மூலையில் ஒரு சாய்கோடு. அடுத்த இன்னிங்ஸ் ஆறாமவர் வரிசையில், ஆனால் அடுத்த நெடுக்கு வரிசையில் தொடங்கும். இந்தச் சாய்கோடு இல்லாவிட்டால் அரை மணி கழித்து யார் முதலில் ஆட வர வேண்டும் என்பதே தெரியாது. ஒரே இன்னிங்ஸில் ஒன்பது பேரும் ஆடி மறுபடி முதலில் ஆடியவரே வந்தால், பக்கத்து நெடுக்கு வரிசையை எடுத்துக்கொண்டு, மேலே இருக்கும் இன்னிங்ஸ் எண்ணை அடித்துத் திருத்துங்கள்.

கே எழுத்தும் அதன் தம்பியும்

ஸ்ட்ரைக்-அவுட் என்றால் ஆங்கில எழுத்து கே. மட்டையை வீசித் தவறினால் நேராகவும், வீசாமல் பார்த்துக்கொண்டே நின்றால் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பியும் எழுத வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் குறியீட்டைப் புகுத்தியவர் ஹென்றி சாட்விக். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் கிரிக்கெட் செய்தி எழுதிக்கொண்டிருந்தவர். ஸ்ட்ரக் என்ற சொல்லின் கடைசி எழுத்தை எடுத்துக்கொண்டார். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இந்தத் தாள் சட்டென்று ஒட்டிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் சுத்தமாகப் பிடிக்காமல் விட்டு, முதல் பேஸ் காலியாக இருந்தாலோ இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் ஓடலாம். கேட்சர் எடுத்து முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினால் கே 2-3. ஓடிச் சேர்ந்துவிட்டால் கே எழுதி, முதல் பேஸ் வரை கோடு போட்டு, வட்டம் போடாமல் விடுங்கள். பிட்சர் கணக்கில் ஸ்ட்ரைக்-அவுட் ஏறும், அவுட் ஏறாது. ஒரே இன்னிங்ஸில் நான்கு கே வருவது இப்படித்தான்.

ஹிட்டா, எர்ரரா

பேட்டர் பேஸ் சேர்ந்தது தன் அடியாலா (ஹிட்), ஃபீல்டர் தவறாலா (எர்ரர்) என்று முடிவு செய்வது நாமும் இல்லை, அம்பயரும் இல்லை. மேலே அறையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரபூர்வ ஸ்கோரர். ஸ்கோர்போர்டில் ஹிட் கணக்கு ஏறுகிறதா, எர்ரர் கணக்கு ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். எர்ரர் என்றால் ஈ போட்டு, தவறவிட்டவர் எண். ஷார்ட்ஸ்டாப் என்றால் ஈ6. மேட்ச் முடிந்து 24 மணி நேரத்துக்குள் அவர் முடிவை மாற்றவும் செய்யலாம். பேனா வேண்டாம் என்றது இதற்குத்தான்.

ஆள் மாறும்போது

மாற்று பேட்டர் வந்தால் பழையவர் பெயருக்குக் கீழே புதியவர் பெயர், அவர் ஆடும் முதல் கட்டத்தின் இடது ஓரத்தில் தடித்த நெடுக்குக்கோடு. புது பிட்சர் வந்தால் குறி போட வேண்டியது எதிரணித் தாளில், அவர் சந்திக்கும் முதல் பேட்டர் கட்டத்தின் மேல் ஓரத்தில் தடித்த குறுக்குக்கோடு. பிட்சரின் சொந்த அணித் தாளில் குறித்தால் யார் யாருக்கு வீசினார் என்பது தெரியாமல் போய்விடும்.

எழுத முடியாமல் போனால்

பிட்சர் பந்து வீசக் கெடு வைக்கும் பிட்ச் கிளாக் வந்த பிறகு நேரம் குறைவு. பேஸ் காலி என்றால் 15 நொடி, ஆள் இருந்தால் 18 நொடி. அதனால் முதல் மேட்சில் ஒவ்வொரு பந்தையும் குறிக்க முயலாதீர்கள், பேட்டரின் முடிவை மட்டும் எழுதுங்கள். ஒன்று தவறிவிட்டால் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுங்கள். பழசைத் துரத்தினால் புதுசும் போகும். அரை இன்னிங்ஸ் இடைவேளையில் ஆப்பில் பந்துவாரி விவரத்தைப் பார்த்து நிரப்பலாம். சாப்பாடு வாங்கவோ கழிவறைக்கோ ஒருவர் எழுந்தால், அட்டை மற்றவர் மடிக்குப் போக வேண்டும். அரை இன்னிங்ஸுக்கு ஒருமுறை எழுதுகிறவரும் சொல்கிறவரும் மாறிக்கொண்டால் இருவருக்கும் கை பழகும்.

கணக்கு நேராகிறதா என்று பார்த்தல்

மட்டை பிடிக்க வந்தவர்களின் எண்ணிக்கை எதற்குச் சமமாக வர வேண்டும்? ரன், பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணி எடுத்த அவுட், இந்த மூன்றின் கூட்டுத்தொகைக்கு. மேலே பார்த்த அரை இன்னிங்ஸில் வந்தவர்கள் ஐந்து பேர். ரன் 1, பேஸில் நின்றுபோனவர் 1, அவுட் 3. நேராகிவிட்டது. நின்றுபோனவர் ஐந்தாமவர்தான். அவர் அடித்த பந்தில் வேறொருவர் மூன்றாவது அவுட் ஆனாலும், இவர் பேஸில் நின்றுபோனவர் கணக்கில் சேருவார். ஒவ்வொரு அரை இன்னிங்ஸ் முடிவிலும் இதைப் போட்டுப் பாருங்கள். ஒன்று இடித்தால் பெரும்பாலும் எஃப்சி கட்டத்தில்தான் தப்பு இருக்கும்.

பின்சேர்க்கை

பத்தாவது இன்னிங்ஸுக்குப் போனால் கணக்கு ஒன்று இடிக்கிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பிளேஆஃப் அல்லாத மேட்சுகளில், கூடுதல் இன்னிங்ஸை ஒவ்வொரு அணியும் இரண்டாவது பேஸில் ஒரு ரன்னரோடு தொடங்குகிறது. முதலில் ஆட வருபவருக்கு வரிசையில் முந்தியவர் அங்கே நிற்பார். மட்டை பிடிக்காமலே பேஸில் இருப்பதால், வந்தவர்கள் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவர் கட்டத்தில் இரண்டாவது பேஸ் வரை புள்ளிக்கோடு போதும்.

2026 முதல் பால், ஸ்ட்ரைக் முடிவை எதிர்த்து பேட்டரோ பிட்சரோ கேட்சரோ முறையிடலாம். தலையைத் தட்டிக் காட்டுவார்கள். மூன்றாவது ஸ்ட்ரைக் என்று அம்பயர் சொன்னதும் கே எழுதிவிடாதீர்கள். பேட்டர் ஹெல்மெட்டைத் தொடவில்லை, திரும்பி நடக்கிறார் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.