மாலத்தீவில் மணநாள்: அறையை மட்டும் பதிவு செய்துவிட்டுக் கிளம்பாதீர்கள்

எங்கள் இருபத்தைந்தாவது திருமண நாள் பயணத்தின் முதல் பகல், மாலே விமான நிலையத்தின் கடல்விமான ஓய்வறையில் கழிந்தது. பன்னிரண்டரை மணிக்கெல்லாம் தரையிறங்கிவிட்டோம். ரிசார்ட்டுக்குப் போகும் கடல்விமானம் மூன்றே முக்காலுக்கு என்றார்கள். ஏசி, பிஸ்கட், காபி, எதற்கும் குறைவில்லை. ஆனால் அந்தப் பகலுக்கும் சேர்த்துத்தான் அறை வாடகை கட்டியிருந்தோம். "மணிக்கு எவ்வளவு போகிறது என்று கணக்குப் போடாதீர்கள்" என்றாள் மனைவி. நான் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தேன்.

இதில் ரிசார்ட்டைக் குறை சொல்ல வழியில்லை. விமான டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, தீவுக்கு எப்படிப் போவது என்பதைப் பிறகு விசாரித்தது என் தவறு. மாலத்தீவுக்குப் போகிற பெரும்பாலான தம்பதிகள் இந்த வரிசையைத்தான் தலைகீழாகச் செய்கிறார்கள்.

அங்கே பெரும்பாலும் ஒரு தீவு என்றால் ஒரே ரிசார்ட்தான். 1972இல் குரும்பா என்ற ரிசார்ட்டோடு தொடங்கிய வழக்கம் இன்றும் அப்படியே தொடர்கிறது. நாட்டில் இருப்பவையோ ஏறத்தாழ 1,200 தீவுகள். மாலேக்குப் பக்கத்தில் இருக்கும் தீவுகளுக்கு ஸ்பீட் போட் போகும்; பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம், இரவிலும் போகலாம். தூரத்துத் தீவென்றால் கடல்விமானம். பதினைந்து பேர் அளவுக்கு ஏறும் சின்ன விமானம். விமானி வெறுங்காலோடு உட்கார்ந்து ஓட்டுவார். கண்ணால் பார்த்துத் தண்ணீரில் இறக்க வேண்டும் என்பதால் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்கு மேல் மாலேயில் வந்து இறங்குகிறவருக்கு அன்று கடல்விமானம் கிடைக்காது. மாலேயிலோ பக்கத்து ஹுல்ஹுமாலேயிலோ ஓட்டலில் தங்கிவிட்டு மறுநாள்தான் போக வேண்டும். அந்த ஓட்டலுக்கும் வாடகை, காலியாகக் கிடக்கும் ரிசார்ட் அறைக்கும் வாடகை.

இது போதாதென்று, கடல்விமானம் புறப்படும் நேரத்தை முந்தின நாள் மாலையில்தான் சொல்வார்கள். வழியில் இரண்டு தீவுகளில் இறங்கி ஆளை ஏற்றி இறக்கிக்கொண்டும் போகும். திரும்பும்போதும் இதே கதைதான். ஊருக்கு விமானம் காலை ஒன்பது மணிக்கு என்றால், முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டிவரும். ஆகவே முதலில் தீவு, அடுத்தது அங்கே போகும் வழி, அதற்கேற்ற நேரத்தில் விமானம். மதியத்துக்கு முன் மாலேயில் இறங்கி, பிற்பகலில் மாலேயிலிருந்து கிளம்புவதுபோல டிக்கெட் கிடைத்தால் நல்லது. பெட்டி விஷயத்திலும் கவனம் வேண்டும். கடல்விமானத்தில் ஆளுக்கு 20 கிலோ பெட்டி, 5 கிலோ கைப்பை என்பதுதான் வழக்கமான அளவு. மிஞ்சினால் கிலோவுக்கு இவ்வளவு என்று தராசுக்குப் பக்கத்திலேயே வாங்கிவிடுவார்கள். பட்டுப்புடவையை வீட்டில் வைத்துவிட்டு வந்த என் மனைவி அங்கே நிமிர்ந்து நின்றாள். புத்தகங்களை அள்ளிக்கொண்டு வந்த நான் பணம் கட்டினேன்.

'மூன்று இரவு, நான்கு பகல்' என்ற விளம்பரக் கணக்கையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். அறை கிடைப்பது பிற்பகல் இரண்டு அல்லது மூன்று மணிக்கு. காலி செய்ய வேண்டியது பதினோரு மணி, பன்னிரண்டு மணிக்குள். போகிற நாளையும் வருகிற நாளையும் கழித்துவிட்டால் முழுதாகக் கையில் நிற்பது இரண்டே பகல்தான். கடல்விமானத்துக்கு அத்தனை செலவழித்துவிட்டு மூன்று இரவோடு திரும்புவது, கல்யாணத்துக்குப் போய் முகூர்த்தம் முடிந்ததும் சாப்பிடாமல் கிளம்புவது மாதிரி. அதே பணத்துக்கு, ஸ்பீட் போட் போகும் தீவு ஒன்றில் ஐந்து இரவு தங்கிவிடலாம். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் நல்லது.

இனி பணம். பதிவு செய்யும் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை மொத்தச் செலவு என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் விலை உயர்ந்த தவறு. ரிசார்ட்டின் உணவுப் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகள் இருக்கும். பார்ப்பதற்கு அச்சுப்பிழை போலத் தெரியும். முதல் கூட்டல் 10 சதவீத சேவைக் கட்டணம். இரண்டாவது சுற்றுலா ஜி.எஸ்.டி.; 2025 ஜூலை முதல் அது 17 சதவீதம். இரண்டையும் கூட்டி 27 என்று வைத்துக்கொள்ளக் கூடாது, ஏனென்றால் சேவைக் கட்டணத்தின் மேலும் வரி ஏறும். 100 டாலர் என்று எழுதியிருக்கும் இரவு உணவு முதலில் 110 ஆகும், பிறகு 128 டாலர் 70 சென்ட் ஆகும். இதுவும் தவிர பசுமை வரி என்று ஒன்று உண்டு. ரிசார்ட்டில் தங்கினால் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர். 2025 தொடக்கத்தில்தான் அதை 6லிருந்து இரட்டிப்பாக்கினார்கள். இரண்டு பேர் நான்கு இரவு தங்கினால் 96 டாலர். கடல்விமானத்துக்குப் போகவரத் தலைக்கு 400 டாலரைத் தாண்டுவது சாதாரணம். சில இடங்களில் இவையெல்லாம் அறை வாடகையில் அடங்கும், சில இடங்களில் அடங்காது. 'எல்லா வரிகளும், இருவழிப் பயணமும், பசுமை வரியும் சேர்த்து இறுதித் தொகை எவ்வளவு?' என்று ஒரே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். காலை உணவு மட்டும் சேர்ந்த கட்டணம் மலிவாகத் தெரியும். நம் ஊர் மலைவாசஸ்தலத்தில் அது சரி. வெளியே வந்தால் தெருமுனையில் இட்லிக் கடை இருக்கும். அங்கே தெருவும் இல்லை, முனையும் இல்லை. சுற்றிலும் கடல். மதியச் சாப்பாட்டுக்குத் தம்பதியாக உட்கார்ந்து எழுந்தால் அந்த இரண்டு கூட்டல் குறிகளும் கூடவே எழுந்து வரும். குறைந்தது காலை, இரவு இரண்டும் சேர்ந்த திட்டமாக எடுங்கள். மது அருந்துகிறவர் என்றால் எல்லாம் அடங்கிய திட்டம் லாபம். அருந்தாதவர்கள் அதற்குப் போய் அடுத்தவர் குடிக்கும் காக்டெயிலுக்குப் பணம் கட்ட வேண்டாம். எதை எடுத்தாலும், பானம் அடங்குமா, குடிதண்ணீர் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டிலுக்குத் தனியாகப் பில் போடுகிற இடங்கள் உண்டு. சென்னை விமான நிலையத்தில் வரியில்லாக் கடையில் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போகலாம் என்ற சாமர்த்தியம் பலிக்காது. மாலத்தீவுக்குள் மது கொண்டுபோகத் தடை இருக்கிறது. சுங்கத்தில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

பில்லைக் கார்டில் கட்டும்போது இயந்திரம் ரூபாயிலா டாலரிலா என்று கேட்டால் டாலரையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் அவர்கள் போடுகிற மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம். ஊரிலேயே டூர் பேக்கேஜாக வாங்குகிறவர்களிடம் டி.சி.எஸ். என்று வரிக்கு முன்பணமாக ஒரு தொகை பிடிப்பார்கள். அது தொலைந்துபோகிற பணம் அன்று. வருமான வரிக் கணக்கில் காட்டி ஈடு செய்துகொள்ளலாம். பலர் அந்த ரசீதைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள்.

விசாவுக்காக அலைய வேண்டாம், போய் இறங்கும்போது கட்டணமின்றித் தருகிறார்கள். ஆனால் பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற அரசு இணையதளத்தில் பயணி அறிவிப்புப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள்.

மாலத்தீவு நமக்குப் புதிதன்று. முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தியில் வருகிற 'முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்' இந்தத் தீவுக்கூட்டம்தான் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. சோழர் படை எந்த மாதத்தில் கப்பலேறியது என்று தெரியாது. நாம் கப்பலேற ஏற்ற மாதம் எது என்பது தெரியும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக, வானம் தெளிவாக இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். மே முதல் அக்டோபர், நவம்பர் வரை தென்மேற்குப் பருவம். மழையும் காற்றும் வரும், விலை இறங்கும். மழைக்காலத்தில் போவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பா அட்டோல் என்ற பவளத்தீவு வளையத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடாவில் மான்ட்டா திருக்கை மீன்கள் கூட்டமாக வருவது அந்தப் பருவத்தில்தான். ஆனால் 'ஆஃபர் போட்டிருக்கிறான்' என்று ஜூன் மாதத்தில் பதிவு செய்துவிட்டு, அங்கே போய் வானத்தைத் திட்டுவது நியாயமில்லை. உங்கள் மணநாள் டிசம்பர் கடைசியில் வருகிறதா? அப்படியானால் 24, 31 ஆகிய இரண்டு இரவுகளுக்கும் கட்டாய விருந்துக் கட்டணம் தனியாக உண்டா என்று கேட்டுவிடுங்கள். பல ரிசார்ட்டுகளில் அது கட்டாயம். நாங்கள் அந்த இரவுகளில் போயிருந்தால், அதைக் கட்டிவிட்டுச் சாப்பிட்டிருக்கக்கூடியது தயிர்ச்சாதமும் கொஞ்சம் பழமும்தான்.

படத்தில் பார்த்து மயங்குவது தண்ணீர் மேல் நிற்கும் வில்லாவைத்தான். இரவெல்லாம் தரைக்கு அடியில் அலை சளப் சளப் என்று அடித்துக்கொண்டிருக்கும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குத் தலைவலி. நீச்சல் தெரியாதவர், முழங்கால் வலி உள்ளவர் அந்த ஏணிப்படியில் இறங்கிக் கடலில் குளிப்பது பெரும்பாலும் நடக்காது. காற்று வீசும் பருவத்தில் வில்லாவின் வெளித்தளத்தில் உட்காரவும் முடியாது. கடற்கரை வில்லாவில் மர நிழல் இருக்கும், கதவைத் திறந்தால் மணல். விலையும் பெரும்பாலும் குறைவு. இரண்டும் வேண்டும் என்றால் முதல் இரண்டு இரவு கரையில், கடைசி இரண்டு இரவு தண்ணீரில் என்று பிரித்துக் கேட்கலாம், கொடுப்பார்கள். மீன் பார்க்க ஆசை இருந்தால் கரையிலிருந்தே நீந்திப் போகிற தூரத்தில் பவளப்பாறை இருக்கிறதா என்று கேளுங்கள். சில தீவுகளைச் சுற்றி அழகான நீல நிறத்தில் தெரிவது வெறும் மணல் தரைதான். அங்கே மீன் பார்க்கப் படகுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். காற்று உருளை கட்டி ஆழ்கடலில் முங்குகிறவர்கள் கடைசி நாளில் முங்கக் கூடாது. கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

கொண்டாட்டத்துக்கு வருகிறேன். மணநாள் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் படுக்கையில் பூவும் ஓலையுமாக அலங்காரம் செய்து வைப்பார்கள், கேக் வரும். நாங்களும் எழுதினோம். முட்டை சேராத கேக் வேண்டும் என்று எழுத மறந்தோம். என் மனைவி முட்டை தொடமாட்டாள். இருபத்தைந்து ஆண்டுகளில் அவள் கேக் வெட்டிய ஒரே மணநாளில், முழு கேக்கையும் நானே சாப்பிட்டேன். சைவம் என்று மட்டும் எழுதினால் போதாது. முட்டை, மீன் சாறு என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும். மாலத்தீவுச் சமையலில் மாசி, அதாவது உலர்த்திய சூரை மீன், இல்லாத கறி அபூர்வம்.

மறுநாள் காலை, அவளுக்கு வியப்பளிக்க வேண்டும் என்று நான் ரகசியமாகச் சொல்லி வைத்திருந்த மிதக்கும் காலை உணவு வந்தது. பிரம்புத் தட்டில் பழம், ரொட்டி, ஆம்லெட், இரண்டு காபி. நீச்சல் குளத்தில் மிதக்க விட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு கையால் தட்டைப் பிடித்து மறு கையால் படம் எடுத்து முடிப்பதற்குள் காபி ஆறிவிட்டது. வேலியில் உட்கார்ந்திருந்த காகம், நம் ஊர்க் காகமேதான், பறந்து வந்து ஒரு ரொட்டியைக் கவ்வியது. அது தூக்கியபோது தட்டு ஒரு பக்கம் சாய்ந்து ஆம்லெட் குளத்துக்குள் போயிற்று. "பிண்டம் வைத்த மாதிரி இருக்கிறது" என்றாள் மனைவி. அதற்கும் இரண்டு கூட்டல் குறி.

ஆச்சரியம் கொடுப்பது தவறு என்று சொல்லவில்லை. அவர் என்ன விரும்புவார் என்று கேட்காமல், இணையத்தில் யாரோ விரும்பியதை வாங்கித் தருவதுதான் தவறு. கிளம்புவதற்கு முன் இருவரும் தனித்தனியாக மூன்று விருப்பங்களை எழுதிப் பார்ப்பது நல்லது. நான் எழுதினேன்: டால்பின் பார்க்கும் படகு, மணல்திட்டில் மதிய உணவு, தம்பதி மசாஜ். அவளைக் கேட்டபோது, "யாரும் எழுப்பாமல் தூங்க வேண்டும்" என்றாள். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். இத்தனை செலவு செய்துவிட்டுத் தூங்குவதா என்ற கணக்கு வேறு. காலை ஏழு மணிக்கு யோகா, பத்துக்குப் படகு, நான்குக்கு மசாஜ் என்று அட்டவணை போட்டது நான்.

அந்த மசாஜும் கைநழுவியது. மாலத்தீவு நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி பின்னால். ஆனால் பல ரிசார்ட்டுகள் மாலை வெளிச்சம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் திருப்பி, 'தீவு நேரம்' என்று வைத்துக்கொள்கின்றன. கைபேசி காட்டுவதோ மாலே நேரம். நாங்கள் நான்கு மணிக்குப் போனபோது அங்கே ஐந்து. போனதும் வரவேற்பறைக் கடிகாரத்தைப் பார்த்து கைக்கடிகாரத்தைத் திருத்திவிடுங்கள்.

மசாஜ் போன அன்று மாலையே மிச்ச அட்டவணையை ரத்து செய்தேன். கடைசிப் பகலில் அவள் மரநிழலில் சாய்வு நாற்காலியில் பன்னிரண்டு மணிக்குப் படுத்தாள். கரையோரத் தண்ணீரில் முழ நீளத்துக்குச் சுறாக் குட்டிகள் நாலைந்து சுற்றிக்கொண்டிருந்தன. எழுப்பிக் காட்டலாமா என்று இரண்டு முறை எழுந்தேன், இரண்டு முறையும் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணி வாக்கில் காகம் வந்து நாற்காலியின் முதுகில் உட்கார்ந்து, தட்டு ஏதும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டுப் பறந்துபோயிற்று. அவள் நான்கரைக்கு எழுந்தாள். தீவு நேரப்படி.