வாய் திறக்காதவருக்குப் பல் செட்: எங்கே சறுக்குகிறோம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பல் வைத்தியம் பார்ப்பவர்களுக்குச் சீவல் கறை புதிதல்ல. வருடக்கணக்கில் பாக்கை அடக்கியவர்களில் சிலருக்குக் கன்னத்தின் உட்புறம் நார்நாராக இறுகி வாய் சுருங்கிவிடும். இதற்குப் புகையிலை வேண்டியதில்லை, பாக்கே போதும். வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கும், உதட்டோரம் தீக்காயத் தழும்பு உள்ளவர்களுக்கும் இதே பாடுதான்.

இவர்களுக்குச் செட் கட்டும்போது முதல் சறுக்கல், வாயை அளக்காமல், செட்டுக்கு வாயின் அச்சை எடுக்கும் ட்ரேயைக் கையில் எடுப்பது. அவரவர் விரல் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக நுழைக்க முடிந்தால் பொதுவாகக் கவலையில்லை. வாய் திறக்கும் உயரம் 35 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். உயரத்தோடு உதட்டோரம் எவ்வளவு விரிகிறது என்பதையும் பாருங்கள். ட்ரே இடிப்பது பெரும்பாலும் அங்கேதான். திணித்தால் உதட்டோரம் கிழியும். எப்படியோ உள்ளே போய்விட்டாலும், ட்ரேயில் உள்ள அச்சுப் பொருள் இறுகிய பிறகு வெளியே எடுப்பது பெரும்பாடு.

ட்ரேயை இரண்டாக வெட்டி, பாதி பாதியாக அளவெடுத்து வெளியே இணைப்பதுதான் வழி. ஆனால் இரண்டு பாதியும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ள ஒரு பள்ளமும் முளையும் வேண்டும். கண் மதிப்பில் சேர்த்தால் செட் ஆடும்.

நான் செய்த பெரிய தவறு வேறு. மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவருக்கு, காந்தத்தால் சேரும் இரண்டு துண்டுச் செட் கட்டினேன். நான் போட்டேன், அழகாகப் பொருந்தியது. ஒரு வாரம் கழித்துச் செட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். “உங்க விரல் உள்ளே போகுது தம்பி. என்னுது மண்வெட்டி பிடிச்ச விரல்.” அப்புறம் கீல் வைத்து மடங்கும் செட்டாக மாற்றினேன். இப்போதெல்லாம் நோயாளியே மூன்று முறை போட்டுக் கழற்றிக் காட்டாமல் நாற்காலியை விட்டு இறக்குவதில்லை. காந்தம் வைத்திருந்தால், எம்ஆர்ஐ எடுக்கும் முன் கழற்றச் சொல்லவும் மறக்காதீர்கள்.

ஐஸ் குச்சிகளை அடுக்கிக் கடித்து வாயை விரிக்கும் பயிற்சியை, செட் வந்ததும் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால் வாய் மறுபடி இறுகும். போன மாதம் நுழைந்த செட் இந்த மாதம் நுழையாது.

கதிர்வீச்சு எடுத்ததை மறைப்பதும், கேட்காமல் விடுவதும் இதைவிட மோசம். அந்தத் தாடையில் பல்லைப் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். செட் உரசிப் புண் வந்தாலும் அன்றே கழற்றிவிட்டு டாக்டரிடம் வர வேண்டும்.

“செட் போட்டாச்சே, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சூண்டு சீவல்?” என்று கேட்காதவர் குறைவு. வெறும் வெற்றிலையை மெல்லுங்கள் என்கிறேன். முறைத்துக்கொண்டே போகிறார்கள்.